மூடாத டிக்கெட்

மார்ச் 4, செவ்வாய்

பழைய முறையை இன்றோடு தலைமுழுகியாயிற்று. எங்கள் கணினி உதவிப் பிரிவில் இனி ஒவ்வொரு புகாரும் (எங்கள் பாஷையில் டிக்கெட்) ஓர் அட்டையாகச் சுவர்ப் பலகையில் தொங்கும். ஆளுக்கு மூன்று அட்டைதான். ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. நகராத அட்டைக்கு நாளுக்கொரு சிவப்புப் பொட்டு.

"வேலை செய்யற நேரம் கொஞ்சம்தாங்க. காத்துக் கிடக்கற நேரம்தான் வீண்" என்றார் பயிற்சியாளர். என் வீட்டையும் வந்து பார்க்கச் சொல்லலாம்.

மார்ச் 5

பதிவறை அக்காவின் பிரிண்டர் என் பங்குக்கு வந்தது. அட்டை ஒட்டினேன்.

மார்ச் 11, செவ்வாய்

நான்கு பொட்டு. காலையில் பலகை முன் நின்றபடியே நடக்கும் கூட்டத்தில் பிரிவுத் தலைவர் கேட்டார்: "பிரிண்டர் எங்க மாட்டிக்கிச்சு?"

"பார்ட்ஸ் வரணும் சார்."

பச்சைப் பொய். சிக்கிய காகிதத்தை எடுக்கச் சொன்னேன், அன்றே சரியாகிவிட்டது. நான்கு நிமிட வேலை. ஆனால் மூடிவிட்டால் தினமும் மூன்று மணிக்கு எதைச் சொல்லி அக்காவை போனில் கூப்பிடுவேன்? "ஓடுது, ஆனா என்னமோ சத்தம் வருதும்மா" என்பார். பிறகு முட்டிவலி, மகன், மாடிக் குழாய். நாள் முழுக்க என்னிடம் கணினியைப் பற்றிப் பேசாத ஒரே குரல். முகம் பார்த்ததில்லை.

மார்ச் 12

வாசல் காவலரின் கணினி இரண்டு நாளாகத் திறக்கவில்லையாம். என் கையில் இடமில்லாததால் அவர் டிக்கெட் வரிசையிலேயே நின்றிருக்கிறது. வருகிறவர் பெயரையெல்லாம் கையால் எழுதியிருக்கிறார். "பரவால்லம்மா, கையெழுத்து நல்லாயிடுச்சு" என்று சிரித்தார். சுருக்கென்றது. எனக்குப் பேச ஆளில்லை என்றால் அவர் ஏன் விரல் நோக எழுத வேண்டும்?

தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பிரிண்டர் டிக்கெட்டை மூடிவிட்டுக் காவலருடையதை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 13

மூன்று மணி. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சே, என்ன பிழைப்பு இது.

மார்ச் 17, திங்கள்

என் அட்டைகள் குதிரை வேகத்தில் ஓடுகின்றன. தலைவர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். வீட்டுக்கு வந்து அதை யாரிடம் சொல்வது — ஃபிரிட்ஜிடமா?

மார்ச் 18

மூடிய டிக்கெட் ஒன்று திரும்பத் திறந்திருந்தது. பதிவறை. காரணம் எழுதும் கட்டத்தில்:

"பிரிண்டர் நல்லா ஓடுது. சத்தம்னு சொன்னதெல்லாம் சும்மா. மூணு மணிக்கு போன் வரலை."

அட்டை எழுதவில்லை. இரண்டு மாடி ஏறினேன். நான் நினைத்ததைவிடக் குள்ளம் அக்கா. நாற்காலியில் இருந்த கோப்புகளை அள்ளித் தரையில் வைத்து, "உக்காரு" என்றார்.

அவர் கணினியிலேயே டிக்கெட்டை மூடிவிட்டு உட்கார்ந்தேன்.