பேனா எழுதாத நாற்பது நிமிடம்

உம்முடைய மகன் நேற்று வந்து ஒரு காக்கி உறையைக் கொடுத்துவிட்டுப் போனான். கோந்த்வா வீட்டைக் காலி செய்கிறார்களாம். "அங்கிள், இது மேல உங்க பேரு இருக்கு. அப்பா எழுதினது," என்றான். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். என் பெயரைப் படித்துக் கண்டுபிடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ.

பிரிக்காமலே உள்ளே என்ன என்று தெரிந்தது. பிரித்ததும் வாசனை வந்தது. பழுக்கக் காய்ந்த இரும்பை எண்ணெயில் முக்கும்போது எழுமே, அந்தப் புகை. இத்தனை வருடம் உம் அலமாரியில் கிடந்தும் அது போகவில்லை.

சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டத்தாள். நான் வேலை பார்த்த கசார்வாடிப் பட்டறையில் உலையின் சூட்டை நாள் முழுக்க ஒரு கருவியின் பேனா இப்படித்தான் வட்டமாக எழுதிக்கொண்டே போகும். ஒரு நாள் மை வற்றி, நாற்பது நிமிடம் அது எதையும் எழுதவில்லை. மறுநாள் வாடிக்கையாளரின் ஆய்வாளர் வருகிறார். போர்மன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மராத்தியில் இரண்டே சொல் சொன்னான். ஜோடூன் டாக். இணைத்துப் போட்டுவிடு.

நான் இணைத்தேன். அதே ஊதா மையைத் தொட்டு, கோடு பிசகாமல். பிறகு, அன்று அந்த உலையில் வெந்த பல்சக்கரங்கள் உடைந்து திரும்பி வந்தன. தாளை எடுத்துப் பார்த்தார்கள். சூடு சரியாக இருந்ததாகத் தாள் சொன்னது. அப்படியானால் தப்பு உலையில் நின்றவருடையது என்று முடிவுகட்டி, அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். நான் வாய் திறக்கவில்லை. உம்மிடம் மட்டும் சொன்னேன். பட்டறையை மூடியபோது பழைய தாள்களைக் குப்பையில் கொட்டினார்கள். இதை மட்டும் பொறுக்கி வந்து உம்மிடம் கொடுத்தேன். என் வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, எரிக்கவும் முடியவில்லை. நீர் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டீர்.

நாம் பழக்கமானது லோக்கல் ரயிலில். கூடையால் இடித்த ஒருவனை நான் நம் ஊர்த் தமிழில் திட்ட, பின்னாலிருந்து "எந்த ஊரு வே?" என்றீர். அதற்கு முன் பூனாவில் யாரும் என்னை வே போட்டுக் கூப்பிட்டதில்லை.

நீர் அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவு. இங்கிலீஷ் உமக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, நகலெடுத்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நிரல் எழுதப் படித்தேன். எண்களைக் கொடுத்தால் வரைபடம் போட்டுத் தரும் ஒரு நிரல் தொகுப்பை, லைப்ரரி என்பார்கள், எனக்குக் காட்டியவர் நீர்தான். அதன் நிரல் எல்லாருக்கும் திறந்தே கிடந்தது. குறை கண்டவன் திருத்தி அனுப்பலாம், நடத்துகிற குழுவுக்குச் சம்மதமானால் சேர்த்துக்கொள்வார்கள். இப்படியும் உலகத்தில் ஒரு இடம் இருக்கிறதா என்று நான் இரண்டு நாள் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உம் வீட்டில் உட்காருவோம். நிரல் என் பாடு, குழுவுக்கு இங்கிலீஷில் கடிதம் உம் பாடு. வரைபட அச்சின் அடியில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதைத் திருத்தினோம். கழித்தல் குறி வரவேண்டிய இடத்தில் வெறும் கட்டம் வந்ததைத் திருத்தினோம். புது வெளியீட்டின் நன்றிப் பட்டியலில் நம் இருவர் பெயரும் அடுத்தடுத்து வந்தபோது, "ரேஷன் கார்டுக்கு அப்புறம் இதுலதான் என் பேரைத் தப்பில்லாம போட்டிருக்கான்," என்றீர்.

அப்புறம் அந்தக் கோடு வந்தது. தரவில் எண் இல்லாத இடம் இருந்தால் லைப்ரரி அதைத் தாண்டிப் போய், இந்தப் பக்கத்துப் புள்ளியையும் அந்தப் பக்கத்துப் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். அதைத் திரையில் முதல்முறை பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். நீர் மெல்ல, "ஜோடூன் டாக்," என்றீர்.

பத்து வாரம் உட்கார்ந்து திருத்தினேன். எண் இல்லாத இடத்தில் கோடு நின்றுவிடும், எண் வந்ததும் மறுபடி தொடங்கும். அனுப்பினோம். பதில் மரியாதையாகத்தான் வந்தது. திருத்தம் நல்லதுதான்; ஆனால் அப்படியே சேர்த்தால் பழைய பயனர்களின் படங்கள் மாறிப்போகும். ஆகவே இதை ஒரு விருப்பத் தேர்வாக வைக்கலாம். கேட்டால் இடைவெளி வரட்டும், கேட்காவிட்டால் வழக்கம்போல இணைக்கட்டும்.

நீர் ஒப்புக்கொள்ளலாம் என்றீர். பாதி கிடைத்தால் வாங்கிக்கொண்டு மீதிக்கு மறுபடி கேட்போம் என்றீர்.

"கேட்டாத்தான் உண்மை, கேக்காதவனுக்குப் பொய்யா வே?" என்றேன். நீர் சிரித்தீர். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆபீசில் முப்பது வருடமாக, நீட்டின தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டவருக்கு அப்படித்தான் தோன்றும் என்று சொன்னேன். உம் மனைவி உப்புமாத் தட்டோடு வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

நீர் குரலை உயர்த்தவில்லை. "ஒரு தடவை கோடு இழுத்தவர் நீரும்தானே வே."

அதை நீர் சொல்லியிருக்கக் கூடாது. இன்றும் அதையேதான் சொல்வேன். எழுந்து வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இதுவரை சேர்த்த எல்லாவற்றிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று குழுவுக்கு எழுதினேன். எடுத்துவிட்டார்கள். நன்றிப் பட்டியலில் நீர் தனியாக நின்றீர்.

மூன்று வருடம். நடுவில் ஒரே ஒரு தடவை போன் செய்தீர். நலம் விசாரிக்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை. "வே, நாப்பது நிமிஷத்துக்கு மேல ஆயிட்டு. ஜோடூன் டாக்," என்றீர். எதை வைத்து விளையாடுகிறார் இவர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டேன். நீர் விளையாடவில்லை என்பது புரியும்போது நீர் இல்லை.

உம்மைக் கிடத்தியிருந்த கூடத்துக்குள் வந்தேன். உம் மனைவி நிமிர்ந்து பார்த்து, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா அண்ணே?" என்றார். 

அதன் பிறகுதான் குழுவின் பழைய கடிதங்களைத் திறந்து படித்தேன். நான் விட்டுப்போன திருத்தத்தை நீர் எடுத்து, விருப்பத் தேர்வாக மாற்றிச் சேர்த்திருக்கிறீர். உமக்கு நிரல் எழுத வராது. அறுபதை நெருங்கும் வயதில் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறீர். இடைவெளியை விட்டுவை என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை அதற்குப் பெயராக வைத்தீர். அதோடு விடவில்லை. வருடத்துக்கு ஒரு கடிதம், இதையே வழக்கமாக்கக் கூடாதா என்று. மூன்று கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: இதைச் சொன்னவர் என் நண்பர், அவர் இப்போது இந்தக் குழுவில் இல்லை, அவர் சொன்னது சரி. முதல் இரண்டுக்கும், 'பிறகு பார்க்கலாம்' என்று பதில். மூன்றாவதற்குக் கீழே எதுவும் இல்லை.

வழக்கம் இன்றுவரை மாறவில்லை. மாறும் என்றும் தோன்றவில்லை. நான் ஒரு கடிதம் எழுதலாம்தான். எழுதித் தர நீர் இல்லை.

ஹடப்சரில் இரண்டு பட்டறைகள் உலைக் கணக்குகளை அனுப்புகின்றன, படம் போட்டுக் கொடுக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் உம்முடைய அந்த இரண்டு சொற்களை நான் தட்டியாக வேண்டும். வேண்டவே வேண்டாம் என்று எதை உதறிவிட்டு வந்தேனோ, அது இல்லாமல் என்னால் ஒரு கோடு போட முடியாது. உம் நிரலில் ஒரே வேலையை இரண்டு தடவை செய்யும் ஒரு வரி இருக்கிறது. எடுத்துவிட எனக்கு இரண்டு நிமிடம் ஆகாது. பிறர் வரியில் ஒரு புள்ளி பிசகினாலும் விடாத நான் அதைத் தொடவில்லை. தொட மாட்டேன்.

நேற்று வட்டத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேனாவின் கோடு எங்கே நின்றது, என் கோடு எங்கே தொடங்கியது என்று தேடினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தேடினேன். தெரியவில்லை. அவ்வளவு நன்றாக இழுத்திருக்கிறேன்.