ராஜா நாற்காலிக்கு முழு விலை

மாப்ளே, நாற்காலியை விற்றுவிட்டேன். நீ மரச்சட்டம் அடித்து நிறுத்திவிட்டுப் போன, அரபு வரவேற்பறைக்கான அந்தப் பெரிய மஜ்லிஸ் நாற்காலிதான். காலையில் மெத்தைக்குத் துணி ஒட்டும்போது பசை நெடி கடை முழுக்க ஏறியது. "மாப்ள, ஜன்னலைத் தொற" என்று நீ கத்துவாய் எனச் சற்று நேரம் காத்திருந்தேன். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் நீ, திரும்பி வரவே இல்லை. ஜன்னலை நானேதான் திறந்தேன்.

இருவரும் சோபா கம்பெனியில் கூலிக்கு ஆணி அடித்த காலம் நினைவுக்கு வந்தது. அஜ்மானிலிருந்து ஷார்ஜா தொழில்பேட்டைக்குக் கம்பெனி பஸ். நெரிசலில் பஸ் நின்றால் உன் வாய் ஓடும். லண்டன் மன்னரைப் பற்றி அவ்வளவு சங்கதி எங்கேதான் பிடித்தாயோ! ஒருநாள் ஒற்றை இலக்க நம்பர் பிளேட் வைத்த கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. கோடி கொடுத்து வாங்கிய நம்பர் என்று பஸ்ஸே எட்டிப் பார்த்தது. நீ அசையவில்லை.

"ஒத்தை நம்பர் என்னடா பெருசு? அந்த ராஜா ஊர்வலம் போற காருக்கு நம்பரே கெடையாது. பாஸ்போர்ட்டும் கெடையாது. எல்லாருக்கும் அவர் பேர்லதான் குடுக்குறாங்க, அவருக்கு யாரு குடுப்பா?"

"பாஸ்போர்ட் நம்ம கையிலயும்தான் இல்ல. கம்பெனி பெட்டியில கெடக்கு" என்றேன்.

"அதேதான் மாப்ள! பொறந்தநாளும் அவருக்கு ரெண்டு. நெசமானது ஒண்ணு, விழாவுக்கு வெயில் அடிக்கணும்னு ஜூன்ல ஒண்ணு. எனக்கு எங்காத்தா சொல்றது தைப்பூசம், வாத்தியார் எழுதுனது ஜூன் ஒண்ணு. இப்பச் சொல்லு, யாரு ராஜா?"

பின்சீட்டில் இருந்தவர் எழுந்து உனக்கு சலாம் வைத்தார்.

பிறகு சொந்தக் கடை போட்டோம். வேலை உன்னுடையது, வியாபாரம் என்னுடையது. நீ போனதும் ஆர்டர் குறைந்துவிட்டது. இந்த நாற்காலியும் விற்காமல் நின்றுபோனால் கடையை மூடிவிட்டு மறுபடி கூலிக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை.

இன்று மதியம் துபாய் ஹோட்டல் ஒன்றின் பர்ச்சேஸ் மேனேஜர் வந்தார். சென்னைக்காரர். நாற்காலியை இரண்டு முறை சுற்றி வந்து, என் காதருகே குனிந்தார்.

"எங்க ஹோட்டலுக்கு லண்டன் மன்னர் வந்தாலும் வருவார் பாஸ். அவர் உட்கார்ற சேர். கிஃப்டா குடுத்துடுங்க, போட்டோ எடுத்துக் கடையில மாட்டிக்கலாம். ஷார்ஜா ரோலா பஜார்ல ஒருத்தர் ஃப்ரீயாவே தரேன்றார்."

போட்டோவைக் காட்டினால் கட்டட முதலாளி வாடகையை விட்டுவிடுவாரா? வேண்டாம் என்று சொல்லவும் பயம்தான். அப்போதுதான் நீ பஸ்ஸில் சொன்னது கைகொடுத்தது: "ராஜா கடைக்காரன்ட்ட ஓசி வாங்க மாட்டாரு மாப்ள. அரண்மனைக்குச் சரக்குப் போடுறவன்னு போர்டு வச்சிருக்கவன்கூட காசு வாங்கிட்டுத்தான் போடுறான்."

"கிஃப்டா?" என்று பதறினேன். "சார், வியாபாரிங்ககிட்ட கிஃப்ட் வாங்குறதில்லைன்னு அந்த அரண்மனையில வழக்கமே இருக்கு. ஓசி சேர்ல உக்கார வச்சோம்னு தெரிஞ்சா கேள்வி உங்களுக்குத்தான் வரும். பில் போட்டா பயமில்ல."

நாற்காலி போவது ஹோட்டலுக்கு, மன்னருக்கு அல்ல. அது எனக்குத் தெரியாதா? அவர் அதை யோசிக்கும் முன் பில் புத்தகத்தைத் திறந்துவிட்டேன். வெளியே போய் யாருக்கோ போன் செய்தார். திரும்பி வந்தபோது நான் 'பாஸ்' இல்லை, 'சார்' ஆகியிருந்தேன்.

"பில்லே போட்டுடுங்க சார். கொஞ்சம் கொறச்சு..."

"ராஜா சேருக்குப் பேரம் பேசினோம்னு வெளியில தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டுவிட்டார்.

கடை நிற்கிறது மாப்ளே. உன் ராஜா கதைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். இன்னும் எத்தனையோ நாற்காலிக்குத் தாங்கும். பேசி முடித்தது இதுதான்: பதினெட்டாயிரம் திர்ஹம், தள்ளுபடி கிடையாது, பாதி முன்பணம், மீதி சரக்கு இறக்கும்போது. அந்த நாளை நான்தான் குறித்தேன். உன் தைப்பூசம்.