கரண்டிமூக்குக்கு உன் தலையாட்டல்

என் அன்பு ராட்சசி அக்காவுக்கு,

விபத்துக்குப் பிறகு நீ கண்ணைத் திறக்கவே இல்லை. காதில் விழலாம், பேசிக்கொண்டே இரு என்கிறார் நர்ஸ். பேசினால் என் குரல் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அதனால் எழுதி வாசிக்கிறேன்.

நீ வருடக்கணக்காகத் தேடிய பறவை, கரண்டிமூக்கு உள்ளான், நம் உப்பளத்தில்தான் உள்ளான்!

“சாதா கொசு உள்ளான்டா அது. மூக்கு நுனியில சேறு ஒட்டியிருக்கு,” என்றான் நம் சோடாபுட்டி.

“சேறு உன் கண்ணாடியிலடா!” என்றேன் நான்.

அதற்குள் அது அலகைத் தண்ணீரில் அலசிவிட்டு நிமிர்ந்தது. நுனியில் கரண்டி அப்படியே இருந்தது. எல்லாரும் குதித்தோம். பிறகு பதிவு போடப் போய் நின்றுவிட்டோம். நீ தலையாட்டாமல் நம் குழுவில் எந்த அபூர்வப் பறவையையும் பதிவு செய்வதில்லையே.

நான் கொசு உள்ளான் என்றே பதிவு போட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான். தப்பான பெயரை உன்னால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியாது. எழுந்து என் காதைத் திருகு. ஒரு விரலை அசைத்தாலும் போதும், உடனே திருத்துகிறேன்.

இல்லாவிட்டால் நாளைக்குக் காக்கா என்று மாற்றுவேன். மறுநாள் கோழி. எனக்கு வெட்கமே கிடையாது, உனக்குத் தெரியும்.

தயவுசெய்து திட்டு, அக்கா.

உன் தீராத தலைவலி