அது குட்டி நண்டு என்று நீ சொன்னாய்

என் ஏழுமலைக்கு,

நீ சொன்னது சரி என்று போன மாதம் அச்சாகிவிட்டது. நம்மைப் பார்த்தே இராத மூன்று பேர், எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, பதினொரு பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் புதிய இனம் என்று பெயர் சூட்டிய அந்த ஆழ்கடல் நண்டு புதிய இனம் இல்லை. ஏற்கெனவே தெரிந்த ஒரு பெரிய நண்டின் குட்டிதான். மரபணுவைப் பார்த்துச் சொல்கிறார்கள். நீ வெறும் கண்ணால் பார்த்துச் சொன்னாய்.

உன் பெயர் அந்தப் பதினொரு பக்கத்தில் எங்கேயும் இல்லை. என் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. முதல் இடத்தில், தவறு செய்த மூவரில் மூன்றாவது ஆளாக. இரண்டாவது இடம் கடைசிப் பக்கத்தில். அதைப் பிறகு சொல்கிறேன். சொல்லவே கூசுகிறது.

அந்த ஆய்வுக் கப்பல் பயணம் ஞாபகம் இருக்கிறதா? ஏறின மறுநாளே நான் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டேன். கோவளத்தில் கட்டுமரம் தள்ளுகிற குடும்பத்தில் பிறந்தவன் நீ. என் தலைமாட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, "கடலைப் பத்தி டாக்டர் பட்டம் வாங்கிகினே, கடல் உன்ன வாங்கல பாரு மச்சான்" என்று சிரித்தாய். எனக்கு நிரந்தர வேலை. நீ எம்.எஸ்ஸி. படித்துவிட்டு ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் இருந்தாய். ஆனால் வலை மேலே வந்ததும் எல்லோரும் உன்னைத்தான் தேடினார்கள். இழுவலையைக் கொட்டினால் தளம் முழுக்கச் சேறும் மீனும் இறாலுமாய்க் கிடக்கும். அந்தக் குவியலில் உன் கை போகிற வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. எந்த மீன் எந்தத் தட்டுக்கு, எந்த நண்டு எந்த பாட்டிலுக்கு என்று கேட்காமலே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்.

ஐந்தாம் நாள் காலையில் அந்த இரண்டு நண்டுகளும் வந்தன. கட்டைவிரல் நகம் அளவுதான். ஓட்டைச் சுற்றி நீள நீளமாக முட்கள். நாங்கள் எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடும் நம் பிரிவுத் தலைவர் அதைக் கையில் வாங்கியதும் அவர் முகமே மாறிவிட்டது. "நியூ ஸ்பீஷீஸ், பாஸ்கர். இந்தப் பயணத்துக்கு இது ஒண்ணு போதும்" என்றார். நீ தட்டைக் கழுவிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம் சொன்னாய்: "குட்டி மாறி கீது மச்சான்."

நான் அப்போதே கேட்டேன், எப்படிச் சொல்கிறாய் என்று. மைக்ரோஸ்கோப்பின் கீழே பெண் நண்டைத் திருப்பிப் போட்டு வயிற்று மடலைக் காட்டினாய். முட்டை தாங்குகிற வயது வந்தால் அந்த மடல் அகன்றிருக்கும். இது ஒடுங்கி, குச்சி மாதிரி இருந்தது. "இது இன்னும் வயசுக்கே வரல. குட்டியில முள்ளு நீட்டமா கீது. வளர வளர மழுங்கிப்பூடும். பெருசு எதுன்னு தேடணும், அவ்ளோதான்" என்றாய். எனக்குப் புரிந்தது, ஏழுமலை. அன்றைக்கே புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

கரைக்கு வந்ததும் நீ தேடினாய். நம் கடல் ஆய்வு நிலையத்தின் சேகரிப்பு அறையில், பழைய பயணங்களில் வந்து யாரும் திறந்து பார்க்காத பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கினாய். ஸ்பிரிட் நெடியில் கண் சிவந்துபோய், மதியச் சாப்பாட்டுக்குக்கூட வராமல், எத்தனை வாரம்? பெரிய நண்டு எது என்று பிடிபட்டது; கடைசியில், நம் இரண்டு குட்டிகளுக்கும் அடுத்த மூன்றாவது நண்டு கிடைத்தது. குட்டியைவிடப் பெரிது, அந்தப் பெரியதைவிடச் சிறிது. முட்கள் பாதி மழுங்கியிருந்தன. குட்டி, இது, பெரியது என்று மூன்றையும் வரிசையாக வைத்தால் ஒரே பிள்ளையின் மூன்று வயதுப் படங்கள் போல இருந்தது.

அதை நீ டாக்டரின் மேசையில் கொண்டுபோய் வைத்தபோது நானும் அறையில் இருந்தேன். கட்டுரை அதற்குள் எழுதி முடிந்திருந்தது. கப்பலுக்கு அனுமதி வாங்கிக்கொடுத்த பெரிய அதிகாரியின் பெயரை நண்டுக்கு வைப்பது என்றும் முடிவாகியிருந்தது. டாக்டர் பாட்டிலை ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"இதை யாரு உங்களை எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். சந்தேகம் வந்திச்சு, பாத்தேன்."

"மார்க்கெட்ல நண்டு விக்கிறவங்க சந்தேகத்தை எல்லாம் வச்சு டாக்ஸானமி பண்ண முடியாது, ஏழுமலை."

உன் அம்மா கூடையில் நண்டு விற்றவர் என்பது அவருக்குத் தெரியும். உனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று. அவர் என் பக்கம் திரும்பி, "பாஸ்கர், இதை உள்ளே வச்சிடுங்க" என்றார். நான் எழுந்து, அந்த பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய், மேல் அலமாரியின் பின்வரிசையில், மற்ற பாட்டில்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது நீ வாசலில் நின்றாய். என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் கேன்டீனில் நீ கேட்டாய்: "நீ சொல்லு மச்சான். நான் சொன்னா ஏறாது. நீ சொன்னா கேப்பாரு."

"எனக்கு அடுத்த மாசம் ப்ரோமோஷன் இன்டர்வியூ இருக்கு. அவர்தான் போர்டுல உட்கார்றார்" என்றேன்.

"அதுக்கும் நண்டுக்கும் இன்னா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. நீ உன் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். அந்த வாரமே மூன்றாவது ஆசிரியராகக் கையெழுத்துப் போட்டேன்.

கட்டுரையின் கடைசியில் உனக்கு ஒரு வரி நன்றி எழுதியிருந்தார்கள். நீ நேராக டாக்டரிடம் போய், "என் பேர எட்த்துடுங்க சார். இதுல என் பேரு வாணாம்" என்று சொன்னாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் மன்னித்திருப்பார். அந்த ஆண்டு உன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பிரிவுக்கு இனி ஆள் தேவையில்லை என்று ஒரு தாள் வந்தது. இரண்டு மாதம் கழித்து உன் இடத்துக்கு வேறொருவர் வந்தார். நண்டுக்கும் இறாலுக்கும் நடுவில் தடுமாறுகிறவர்.

நண்டு செய்தித்தாளில் வந்தது. தாம்பரம் ஸ்டேஷன் கடையில் நின்று நான்கு பிரதி வாங்கினேன். எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

அதன் பிறகு உன்னை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். சிறுசேரியில் ஒரு நிறுவனத்தில் என் மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. முதல் நாள் காரில் கொண்டுபோய் விட்டேன். கேட்டில் நீலச் சட்டை போட்ட காவலாளி குனிந்து, காரின் அடியில் கண்ணாடியை நீட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நீ.

"இன்னா மச்சான், நல்லா கீறியா? பொண்ணா? வளந்துட்சே."

பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். "வேற ஏதாவது பார்க்கலாம் ஏழுமலை, நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து மகளை நிறுவன பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டேன். உனக்குத் தெரிந்திருக்கும். கேட்டில் நிற்கிறவனுக்கு எந்தக் கார் வருவதில்லை என்று தெரியாதா?

நீ அந்தக் கேட்டிலேயே, சித்திரை வெயிலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று மூன்று நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். நாற்பத்தாறு வயது. பதினாறாம் நாள் காரியத்துக்காவது வந்திருக்கலாம். ஊரப்பாக்கத்திலிருந்து கோவளம் அப்படி ஒன்றும் தூரமில்லை.

டாக்டர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். சேகரிப்பு அறை என் பொறுப்புக்கு வந்தது. அந்த வெளிநாட்டுக்காரர்கள் எழுதி, எங்களிடமிருந்த இரண்டு குட்டி நண்டுகளையும் ஆய்வுக்குக் கேட்டார்கள். அலமாரியின் பின்வரிசையில் கைவிட்டு, மூன்றாவதையும் எடுத்துச் சேர்த்து அனுப்பினேன். இதை வீரம் என்று நினைத்துவிடாதே. டாக்டர் ஓய்வு பெற்று, என் மேல் யாரும் கைவைக்க முடியாது என்று ஆன பிறகுதான் அனுப்பினேன்.

அவர்கள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். அந்த இடைப்பட்ட நண்டைக் "கண்டெடுத்ததற்காக". அதுதான் அந்த இரண்டாவது இடம். உன் வாரக்கணக்கான உழைப்பு, ஒரு வரியில், என் பெயரில். அதைக் கண்டெடுத்தவர் ஏழுமலை என்று உடனே எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. அச்சாகிவிட்டது, வருந்துகிறோம், அவருடைய கருத்து எங்காவது வெளியாகியிருக்கிறதா, இருந்தால் அடுத்த முறை மேற்கோள் காட்டுகிறோம் என்று. எங்கே வெளியாகியிருக்கும்? நீ கப்பலில் சொன்னாய். எனக்கு மட்டும் சொன்னாய்.

டாக்டருக்கு போன் செய்தேன். அவர் படித்துவிட்டிருந்தார். "சயின்ஸ் தன்னைத்தானே திருத்திக்கும், பாஸ்கர். பெரிசா எடுத்துக்காதீங்க" என்றார். பேரன் கராத்தே கிளாஸுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார். சயின்ஸுக்குக் கை கால் இருக்கிறதா, தன்னைத்தானே திருத்திக்கொள்ள? திருத்த வந்தவனுக்கு நீலச் சட்டை மாட்டி வெயிலில் நிறுத்தினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கம் போனேன். உன் மனைவி செல்வி மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. கையில் இருந்த வஞ்சிரத்தை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். நான் எல்லாம் சொன்னேன். கட்டுரையைக் காட்டினேன். அவர் ஈரக் கையால் அதைத் தொடவில்லை.

"அப்ப அவுரு சொன்னது கரீட்டு."

"ஆமாம்மா."

"அது உங்களுக்கு இப்பதான் தெரியுமா?"

"இல்ல. அப்பவே தெரியும்."

"தெர்ஞ்சிதான் கையெழுத்து போட்டீங்களா?"

"ஆமாம்."

பக்கத்துக் கடைக்காரம்மா வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். செல்வி கத்தவில்லை. "வூட்டாண்ட வந்து எப்பப் பாத்தாலும் 'என் மச்சான், என் மச்சான்'னு உங்களப் பத்தியே பேசிகினு இருப்பாரு. கடைசி வரைக்கும் உங்கள ஒரு வார்த்த தப்பா சொல்லல. அது எனக்கு எவ்ளோ எரிச்சல் தெரியுமா?" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"வாணாம். அத வச்சிகினு நான் இன்னா பண்றது? எழுதுங்க. அவுரு சொன்னாரு, நான் மறச்சேன்னு உங்க கையால எழுதுங்க. இங்கிலீஷ்ல வாணாம். எங்க ஜனம் படிக்கிற மாறி எழுதுங்க. திமிர் புட்ச்சி வேலய வுட்டுட்டான்னு ஊர்ல இன்னும் பேசிகினு கீறாங்க. என் பொண்ணு காதுல வுழுது."

அதனால்தான் இந்தக் கடிதம் தமிழில், எல்லோரும் படிக்க. உன் ஊர்க்காரர்கள் படிக்கட்டும்: ஏழுமலை திமிர் பிடித்து வேலையை விடவில்லை. பொய்யில் தன் பெயர் வேண்டாம் என்றான். அதற்காக வெளியே அனுப்பப்பட்டான். அவன் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியவன் அந்த பாட்டிலை ஒளித்துவைத்தான். அது நான்.

ஒன்று செய்யப்போகிறேன். எங்கள் சேகரிப்பு அறையில் ஒவ்வொரு பாட்டிலிலும் "இனங்கண்டவர்" என்று ஒரு வரி இருக்கும். ஒப்பந்த ஊழியர் பெயரை அதில் எழுதும் வழக்கம் இல்லை. நீ இனங்கண்ட மீன், நண்டு அத்தனையிலும் டாக்டர் பெயரோ என் பெயரோதான் இருக்கிறது. உன் கள நோட்டுகள் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, பதிவேட்டிலும் லேபிளிலும் உன் பெயரை எழுதுவேன். ஓய்வு பெற எனக்குப் பதினான்கு மாதம் இருக்கிறது, முடித்துவிடுவேன். மேலே அனுமதி கேட்கவில்லை. தடுத்தால் எழுத்தில் தடுக்கச் சொல்வேன்.

திங்கட்கிழமை தொடங்கிவிட்டேன். டாக்டர் பெயர் இருப்பவை பிறகு. முதலில் என் பெயரை அடிக்கிறேன்.

உன் மச்சான்,
பாஸ்கர்
ஊரப்பாக்கம்