நாலாம் வளையத்தின் மூச்சு

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவளுக்கு அதை அப்படியே நம்ப மனசு வரவில்லை, போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது.

மண் விடுகிற மூச்சை அளக்க நீ காட்டு மண்ணில் பதித்துவிட்டுப் போன ஆறு வளையங்களில் நாலாவது மட்டும் மூன்று மாதமாக அளவுக்கு மீறிக் கரியமில வாயு விடுகிறது, எண்களை நீயே இட்டுக்கட்டினாயோ என்று உன் பேராசிரியர் கேட்கிறார் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் வனக் காவலர் மேல்தான் சந்தேகம், அந்த ஆள் சிரிக்கிற சிரிப்பே சரியில்லை. அப்புறம் வளையத்தின் மேல் வைத்து அளக்கிற மெஷினைப் பழுது பார்த்தவன் மேல். கடைசியில் அது உன் அப்பா மேலேயே வந்து நின்றது. வாராவாரம் அளவெடுக்கப் போகிறவர் அவர்தானே, ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் கழித்து முகம் தெளிந்து வருகிறார், கேட்டால் "சும்மா காத்து வாங்குனேன்" என்கிறார். கட்டினவளிடமே பூசி மெழுகுகிறார்.

போன வியாழக்கிழமை அவருக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். மூன்று வளையங்களை நீ சொன்னபடி நாலடி தள்ளி நின்று ஒழுங்காக முடித்தார். நாலாவதில் மெஷினின் மூடியை ஒரு விரல் தூக்கிவிட்டு, தரையோடு தரையாகப் படுத்து, இடுக்கில் வாயை வைத்துப் பேசுகிறார். "பாப்பா, நீ போனதுலேருந்து வீடு வீடாவே இல்ல, உங்கம்மா என்னை வேவு பாக்குறா" என்று எல்லாம் ஒப்பிக்கிறார். போனில் மழை பெய்ததா என்று மட்டும் கேட்டுவிட்டு என்னிடம் கொடுக்கிற மனுஷன். எதிரில் போய் நின்று கேட்டேன். மற்ற ஐந்தும் ஆள் வைத்து இறக்கியவையாம், உன் கையால் அடித்து இறக்கிய வளையம் அது ஒன்றுதானாம், எண்கள் நேரே உன்னிடம்தான் வருகின்றனவாம். மூச்சு பட்டால் கணக்குக் கெடும் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாளே என்றேன், "நான் எங்கே மூச்சு விட்டேன், பேசத்தானே செஞ்சேன்" என்கிறார். இவரை என்ன செய்வது?

உள்ளதை உள்ளபடி பேராசிரியரிடம் சொல்லி அந்த மூன்று மாத எண்களை அடித்துவிடு, வெட்கப்படாதே, உன் பேர் கெடக் கூடாது. அவர் நம்பாவிட்டால் என்னிடம் பேசச் சொல். அப்பாவைத் திட்டாதே, அடுத்த முறை போனில் உடனே "அம்மாகிட்ட குடுங்க" என்றும் சொல்லாதே. இனி அளவெடுக்க நான்தான் போவேன். நேற்று போனேன், நாலாவதன் பக்கத்தில் போய் நின்றதும் எனக்கும் வாய் துறுதுறுத்தது, முந்தானையால் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, நூறு வயசு நன்றாக இரு.

உன் மேலும் ஒரு கண் வைத்திருக்கும்,
அம்மா