ஐந்தடுக்கு சுஷிப் பெட்டி

இவாகுனி,
1983 அக்டோபர் 11, செவ்வாய்

அன்புள்ள ஷிசுநோவுக்கு,

உன் நலமும் உன் அக்காள் வீட்டாரின் நலமும் அறிய விழைகிறேன். இங்கே நானும் மிஹோகோவும் நலம். சுஷிதான் நலமாக இல்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் மிஹோகோவுக்கு நிச்சயச் சீருடன் வருகிறார்கள். அன்றைய வேலைகளைப் பதினான்கு பிரிவுகளாக எழுதி நான் உன்னிடம் தந்தது வெறும் வரைவு. ஒன்பது பிரிவுகளில் உன் பெயர் இருந்தது உண்மையே. ஆனால் கையொப்பத்துக்குரிய இடத்தில் “நான் உங்க குமாஸ்தா இல்ல” என்று எழுதிவிட்டு மத்சுயாமாவில் அக்காள் வீட்டுக்குக் கப்பலேறுவது முறையான மறுப்பு ஆகுமா?

சுஷியைக் கடையில் வாங்கலாம் என்றேன். நம் பெண் ஒரே பேச்சாக, “கடைச் சோறும் வேணாம், அம்மா இல்லாத நிச்சயமும் வேணாம். தள்ளி வச்சிருங்க” என்று சொல்லிவிட்டாள். எனவே நீ சுஷி அழுத்தும் மரப்பெட்டியை நானே இறக்கினேன்.

சுகாதாரம் கருதி அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். சோறு முழுவதும் பலகையில் அப்பிக்கொண்டது. மீன்காரத் தொகுயே அம்மாள் சன்னல் வழியே பார்த்துவிட்டு, “வக்கீலய்யா, காஞ்ச கட்டையில சோத்த வச்சா ஒட்டாம என்ன செய்யும்? ஊறப்போடணும்னுகூடத் தெரியாதா? ஆமா, வீட்டம்மா எங்க?” என்றாள். வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னேன். “இருபது நாளாவா குளிக்கிறாங்க? தோலே கழண்டிருக்குமே!” என்று தெருவே கேட்கும்படி சிரித்தாள்.

இரண்டாம் முறை பெட்டியை இரவு முழுவதும் ஊறவைத்தேன். சோறு, தாமரைக்கிழங்கு, முட்டைச் சீவல், மேலே இலை என ஒவ்வோர் அடுக்காக வைக்க, ஐந்தும் ஒழுங்காக அமைந்தன. கல்லைத் தூக்கி வைத்து அழுத்தியதிலும் குறையில்லை. அதன் பிறகுதான் வினை. மூடியைக் கீழே அழுத்திக்கொண்டே, சோற்றைச் சுற்றியுள்ள மரச்சட்டத்தை மேலே உருவ வேண்டும். மூடியை அழுத்தினால் சட்டம் அசையவில்லை. சட்டத்தைப் பிடித்தால் மூடி எழும்பி, சோறும் கூடவே எழும்பியது. இறுதியில் மூடியின் மீது முழங்காலை ஊன்றினேன். “அப்பா, சோத்து மேல ஏறியா வாதாடுறீங்க?” என்று கேட்டுவிட்டு மிஹோகோ அழும்வரை சிரித்தாள். பிறகு உண்மையாகவே அழுதாள்.

இருபத்தாறு ஆண்டுகளாகப் புத்தாண்டுதோறும் நீ அழைத்தபோதெல்லாம் நான் செய்தித்தாளை மடித்துவிட்டு வந்து மூடியை அழுத்தியிருக்கிறேன். சட்டத்தை உருவும் பாரம் யார் கையில் இருந்தது என்று ஒருமுறையும் நோக்கியதில்லை. இதை எவ்வித நிபந்தனையும் இன்றி ஒப்புக்கொள்கிறேன்.

தொகுயே அம்மாள் ஞாயிறன்று வந்து சட்டத்தைத் தூக்கித் தருவதாகச் சொன்னாள். பெண்ணைப் பெற்றவர்கள் இருவர் திறக்க வேண்டிய பெட்டி அது என்று மறுத்துவிட்டேன். வேறு யாரையும் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

சனிக்கிழமை மாலைக் கப்பலுக்கு யானாய் துறையில் நிற்பேன். அதில் நீ இறங்காவிட்டால் அடுத்த கப்பலுக்கும் நிற்பேன். கடற்காற்று இப்போதே குளிர்கிறது; கழுத்தை மூடிக்கொண்டு வா.

நீ நலமுடன் வந்துசேர வேண்டும் என்று வேண்டும்,
கட்சுநோபு