முப்பத்தாறு அடியா, இருபத்தெட்டு அடியா

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய அத்தான்,

படகு வாங்கியாயிற்று. எது என்று இப்போதே சொல்ல மாட்டேன். எட்டு மாதத்துக்கு முன்னால் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போனதற்கு நீங்களும் கொஞ்சம் தவியுங்கள்.

அந்த அட்டவணை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. முப்பது வருடம் அரசு ஆலையில் குப்பை கொட்டிய இரண்டு எஞ்சினியர்கள் படகு வாங்கக் கிளம்பினால் வேறென்ன செய்வார்கள்? ஆபீஸில் பம்பு வாங்குவது போலவே இரண்டையும் ஒப்பிட்டு மார்க் போடும் கம்பாரட்டிவ் ஸ்டேட்மென்ட் போட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹுசேன் சாகர் ஏரியில் பாய்மரம் ஓட்டிய தைரியம் வேறு. ஓய்வு பெற்றதும் கொச்சியிலிருந்து கரையோரமாகவே கோவா வரை, படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கிப் போவதாகத் திட்டம். கொச்சியில் இரண்டு பழைய படகுகள் விற்பனைக்கு இருந்தன. உங்களுக்குப் பெரியது பிடித்தது, எனக்குச் சின்னது.

உங்கள் முப்பத்தாறு அடியில் நிமிர்ந்து நிற்கலாம். தனி அறை, அகலக் கட்டில், ஃப்ரிட்ஜ், இரண்டு வாரத்துக்குத் தண்ணீர். அலையிலும் அவ்வளவாக ஆடாது. என் இருபத்தெட்டு அடியில் குனிந்தே நடக்க வேண்டும். ரயில் பெர்த் மாதிரி இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அவ்வளவுதான் படுக்கை. ஆனால் அதன் நங்கூரத்தை ஒரே ஆள் கையால் தூக்கிவிடலாம். ஆழமில்லாத ஆற்று முகத்துவாரத்தில் உங்கள் படகு தரைதட்டி நிற்கும், என்னுடையது ஜம்மென்று உள்ளே போகும். உங்கள் பாயை ஏற்றவே இரண்டு பேர் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினால் உங்களுடையது நாலு மார்க்கில் ஜெயித்தது. "பாத்தியா மாப்ள! டெக்னிக்கலா உன் படகு அவுட்டு" என்று நம் ஏ.எஸ்.ராவ் நகரே கேட்கிற மாதிரி சிரித்தீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீகூடக் குடிக்காமல் போனேன்.

'ஓட்டுபவர்கள்' என்ற வரியில் மட்டும் இரண்டு பக்கமும் 'இருவர்' என்று எழுதினீர்கள். ரெண்டும் சமம், இதற்கு மார்க் எதற்கு என்று அடித்தும் விட்டீர்கள். நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். ஆலையில் ஒரு பம்பு வாங்கினால் அது நின்றுபோனால் என்ன செய்வது என்று இன்னொன்றும் சேர்த்து வாங்கிய ஆட்கள் நாம். இதை மட்டும் எப்படி அத்தான் கோட்டை விட்டோம்?

நீங்கள் போன பிறகு 'ஒருவர்' என்று திருத்தி மறுபடி கூட்டினேன். என் படகு எங்கேயோ போய்விட்டது. ஜெயித்தேன், ஒரு சந்தோஷமும் இல்லை. ஆனாலும் போகாமல் விடுவதாக இல்லை. கொச்சிக்கு டிக்கெட் போடும்போது அக்கா வந்து நின்றாள்.

"எனக்கும் சேத்துப் போடுல. நானும் பாக்கணும்."

ஹுசேன் சாகர் நாற்றத்துக்குப் பயந்து முப்பது வருடம் கரைப் பக்கமே வராத உங்கள் மனைவிதான்! மாதாப்பூர் ஆபீஸிலிருந்து உங்கள் மகள் என்னிடம் போனில் தெலுங்கில் கத்தினாள்: "மாமா, அம்மகு ஈத ராது கதா!" அம்மாவுக்கு நீச்சல் தெரியாதாம். அக்கா போனைப் பிடுங்கி, "ஒங்கப்பாவுக்கு நல்லாத் தெரியும். நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாவல்லா?" என்று கேட்டாள்.

முதலில் என் இருபத்தெட்டைக் கடலுக்குள் கொண்டுபோனோம். விற்கிறவர் கூட வந்தார். கரையை விட்டுக் கொஞ்ச தூரம்தான் அத்தான். ஏரியில் எங்கே இருந்தது இந்த அலை? இத்தனை வருடம் பாய்மரம் ஓட்டியவன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வர வாந்தி எடுக்கிறேன். விற்கிறவர் பாயை இறக்க ஓடினார். ஓடும்போது சுக்கான் கட்டையை அக்கா கையில் கொடுத்துவிட்டார்.

"எங்க பாத்து ஓட்டணும்?" என்றாள்.

"அந்த வெள்ளை லைட் ஹவுஸைப் பார்த்துப் பிடிங்க" என்றார் விற்கிறவர்.

பிடித்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, இம்மி விலகாமல். ஒரு ஏலக்காயை என் பக்கம் நீட்டி, "வாயில போடுல, கடலுக்கு வந்த மொகத்தப் பாரு" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

கரையில் காலூன்றியதும் நான்தான் நியாயத்தைச் சொன்னேன். நான் யோக்கியன், அத்தான். ஓட்ட மறுபடி இருவர் ஆகிவிட்டோம், அதனால் பழைய மார்க்தான் செல்லும், அத்தான் படகுதான் ஜெயித்தது என்று என் வாயாலேயே சொன்னேன். உங்களுக்குக் கேட்டிருந்தால் அந்தச் சிரிப்பைச் சிரித்திருப்பீர்கள்.

அக்கா முப்பத்தாறுக்குள் இறங்கிப் பார்த்தாள். அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள். அறைக்குள் போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அந்த அகலக் கட்டிலின் ஒரு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மீதிக் கட்டில் அப்படியே இருந்தது.

"இது நக்கோல, வேண்டாம்" என்றாள்.

"ஏன்க்கா? மார்க் படி இதுதானே..."

"இந்தக் கட்டில்தான் வீட்டுலயே கெடக்கே. கடலுக்கும் தூக்கிட்டுப் போகணுமா?"

அட்டவணையில் அகலக் கட்டிலுக்கு நாம் முழு மார்க் போட்டிருந்தோம். நானும்தான். அங்கேயே, அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன் அத்தான். அவள் அழவில்லை.

இருபத்தெட்டுதான் வாங்கினோம். டிசம்பரில் கிளம்புகிறோம். உங்கள் மகள் இப்போது கத்துவதில்லை, தினமும் கொச்சியின் வானிலையை அனுப்புகிறாள். குனிந்து நடப்போம், தண்ணீரை அளந்து குடிப்போம். எனக்குக் குமட்டினாலும் சரி, புயலே வந்தாலும் சரி, கோவா போய்ச் சேரும்வரை சுக்கானை அவள் கையிலிருந்து வாங்க மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
படகில் இனி அக்கா சொல்படி கேட்கப்போகும்
உங்கள் மைத்துனன், செல்வின்